இங்கே அரசியல் பேசக் கூடாது

அமெரிக்க ராணுவத்தின் சாப்பாட்டுக் கூடத்தில் டிவி ரிமோட் யார் கையில் இருப்பது என்ற பெரும் பிரச்சினைக்குக் கடைசியில் முதுகுளத்தூர் சோலைமுத்துதான் தீர்வாக வந்து வாய்த்தான். தோஹாவுக்கு வெளியே பாலைவனத்தில் இருந்த அந்த முகாமில் அவனுக்கு மேசை துடைக்கிற வேலை. தொழிலாளர்கள் தங்குகிற தொழில்பேட்டை கேம்ப்பிலிருந்து விடியற்காலையில் கம்பெனி பஸ் அள்ளிக்கொண்டு போகும். சிப்பாய்களில் பாதிப் பேருக்கு ஒரு செய்திச் சேனல் வேண்டும், மீதிப் பேருக்கு அதற்கு நேர் எதிரான சேனல் வேண்டும். ஒருநாள் ரிமோட் சண்டையில் காபிக் கோப்பை பறந்தது. எந்தப் பக்கமும் சாராத ஆளிடம் ரிமோட்டைக் கொடுங்கள் என்று மேலிடம் சொல்லிவிட்டது. சோலைமுத்து அமெரிக்காவில் எந்தக் கட்சியும் இல்லை. ஊரில் எந்தக் கட்சி என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ரிமோட் கைக்கு வந்திருக்காது.

ஊரில் அவன் கட்சிக்காரன் மட்டுமல்ல, முரட்டுக் கட்சிக்காரன். தங்கை பானுமதியைக் கட்டிய விஜயபாஸ்கர் எதிர்க்கட்சி. போன தேர்தலில் இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருந்த பொதுச் சுவரில் விஜயபாஸ்கர் தன் சின்னத்தை வரைய, லீவில் போயிருந்த சோலைமுத்து அதன்மேல் சுண்ணாம்பு அடித்தான். அன்றோடு பேச்சுவார்த்தை முறிந்தது. இப்போது தங்கச்சி மகளுக்குக் குலசாமி கோயிலில் காதுகுத்து. பிள்ளையைத் தாய்மாமன் மடியில்தான் உட்காரவைக்க வேண்டும். விஜயபாஸ்கர் வாயைத் திறந்து கூப்பிடவில்லை. தங்கச்சிதான் வாட்ஸப்பில் பத்திரிகை அனுப்பி, "நீ வராட்டி நான் செத்தாலும் வராதண்ணே" என்று ஒரு வாய்ஸும் போட்டிருந்தாள். சோலைமுத்து தோடு வாங்கிவிட்டான், லீவுக்கும் எழுதிக் கொடுத்துவிட்டான்.

கையெழுத்துப் போட வேண்டியவர் மெஸ் சூப்பர்வைசர் கௌஸ் முகம்மது. கீழக்கரைக்காரர், நல்ல மனுஷன், ஆனால் பயந்த சுபாவம்.

"லீவு தாரேன் சோல. ஆனா அதுவரைக்கும் கூடத்துலேர்ந்து ஒரு கம்ப்ளைண்ட் வரப்படாது. வந்துச்சு, லீவு கலாஸ். எங்கையில ஒண்ணுமில்ல."

"நான் எங்க பாய் சண்டை போடுறேன்? அவுகல்ல போடுறாக!"

சண்டைக்கு இரண்டு பேர் தலைமை. ஒருவர் ஹாலிஸ், வயதான சார்ஜென்ட், கை இரண்டும் உலக்கை மாதிரி இருக்கும். ஈரான்மேல் குண்டு போட்டே தீர வேண்டும் என்பது அவர் கட்சி. இன்னொருத்தி பெக், ஒல்லியான இளம்பெண், அவளும் சிப்பாய்தான். அவள் அண்ணன் முந்திய ஒரு போரில் காலை இழந்து வீட்டில் இருக்கிறான். அடுத்தவன் ஊரில் நமக்கென்ன வேலை என்பது அவள் கட்சி. வாரம் ஒருமுறையாவது இருவரும் மேசையைத் தட்டுவார்கள். சோலைமுத்து சேனலை மாற்றி மாற்றிப் பார்த்தான். சமையல் நிகழ்ச்சி வைத்தான். அதிலும் இறைச்சி விலை ஏறிப்போனது யாரால் என்று ஆரம்பித்துவிட்டார்கள்.

அப்போதுதான் அவனுக்கு அந்த அருமையான யோசனை வந்தது. ஊரில் எந்த டீக்கடையில், எந்த சலூனில் இல்லை அந்த போர்டு? கௌஸ் முகம்மதுவிடம் சொன்னபோது அவர் தொடையில் தட்டினார்.

"அட, எங்க தெரு சலூன்லயும் தொங்குதுல்ல! மாட்டுடா."

தொழில்பேட்டையில் ஒரு மலையாளி கடையில் ஆங்கிலத்தில் அச்சடித்து வாங்கினான்: 'தயவுசெய்து இங்கே அரசியல் பேசாதீர்கள்.' சிவப்பு எழுத்து, கீழே கும்பிடுகிற இரண்டு கை. டிவிக்கு மேலேயே மாட்டிவிட்டு, மனத்திருப்தியோடு மேசை துடைக்கப் போனான்.

காலைச் சாப்பாட்டுக்கு வந்த ஹாலிஸ் போர்டைப் படித்தார். முகம் தக்காளியாகச் சிவந்தது.

"யார் இதை மாட்டியது? நான் பேசக் கூடாதென்று சொல்ல யாருக்கு உரிமை இருக்கிறது? அந்த உரிமைக்காகத்தான் இந்த உடுப்பையே போட்டிருக்கிறேன்!"

பெக் தட்டை வைத்துவிட்டு எழுந்தாள். "முதல்முறையாக இந்த ஆள் சொல்வது சரி" என்றாள்.

கூடமே எழுந்து நின்றது. எலியும் பூனையுமாக இருந்தவர்கள் தோளோடு தோள் நின்று கத்தினார்கள். மதியத்துக்குள் கம்பெனிக்கு ஒரு புகார் போய்விட்டது, ஹாலிஸும் பெக்கும் சேர்ந்து கையெழுத்துப் போட்ட புகார்.

கௌஸ் முகம்மது தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். "அவங்க நாட்டுல யாராலயும் முடியாத காரியம்டா இது. ரெண்டு பேரையும் ஒண்ணாச் சேத்துட்டியே, படுபாவி! இனி லீவு மாஃபி, கெடையாது."

சோலைமுத்துவுக்கு அழுகை முட்டியது. தங்கச்சி மகள் வேறு எவன் மடியிலோ உட்கார்ந்து அலறுவது கண்ணுக்குள் வந்து வந்து போனது. போனால் வேலைதானே போகும் என்று போர்டைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நேரே இருவரும் இருந்த மேசைக்குப் போனான். தெரிந்த ஆங்கிலம், அரைகுறை இந்தி, கைச்சாடை எல்லாவற்றையும் போட்டுக் கலக்கினான். காது, மடி, மாமன், மாப்பிள்ளை, சுவர், சுண்ணாம்பு என்று எல்லாம் வந்தது.

"உங்கள் ஊரில் இந்த போர்டு வைத்தால் பேச மாட்டார்களா?" என்று பெக் கேட்டாள்.

"பேசுவாங்க மேடம். இதுக்குக் கீழ உக்காந்துதான் பேசுவாங்க. போர்டு இல்லாத எடத்துல எவன் அரசியல் பேசுவான்?"

பெக் சிரித்துவிட்டாள். ஹாலிஸ் சிரிக்கவில்லை. "உன் தங்கை கணவன் உன்னோடு பேசுவதே இல்லையா?" என்று கேட்டார்.

"இல்ல சார். நானும் பேசல."

ஹாலிஸ் தட்டைத் தள்ளிவைத்தார். அவருடைய மகள் கல்லூரி வாசலில் அப்பாவின் போருக்கு எதிராக அட்டை பிடித்துக்கொண்டு நிற்பது கூடத்தில் எல்லாருக்கும் தெரியும். அப்பா கூப்பிட்டால் அவள் போனை எடுப்பதில்லை. "என் கையெழுத்தை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். இவன் ஊருக்குப் போகட்டும்" என்றார்.

"நானும் வாங்கிக்கொள்கிறேன்" என்றாள் பெக். "ஆனால் போர்டை மறுபடி மாட்ட வேண்டும். அது அவனுடைய கருத்து. சொல்ல அவனுக்கு உரிமை உண்டு."

"சாப்பாட்டுக் கூடத்துச் சுவர் அவன் அப்பன் வீட்டுச் சுவரா?" என்றார் ஹாலிஸ்.

அவ்வளவுதான், மறுபடி மேசை தட்டல் ஆரம்பமானது. போர்டுக்கு ஆதரவாகப் பாதி, எதிராகப் பாதி. சூப் ஆறிப்போனது. கூட்டுப் புகாரில் இரண்டு கையெழுத்தும் போன பிறகு வெறும் தாள் எதற்கு ஆகும்? கௌஸ் முகம்மது, "யல்லா, இவங்க மறுபடி சேர்றதுக்குள்ள கெளம்பு" என்று லீவில் கையெழுத்துப் போட்டார்.

சோலைமுத்து விமான நிலையத்துக்குப் போன அன்று சாயங்காலம்தான் சண்டை கத்தாருக்கு மேலேயே வந்துசேர்ந்தது. அமெரிக்கா ஈரான்மேல் போட்டது, ஈரான் அமெரிக்க முகாமைப் பார்த்துத் திருப்பி அடித்தது. வானத்தை மூடிவிட்டார்கள். பலகையில் விமானங்கள் வரிசையாக ரத்தாயின. ஹாலிஸும் பெக்கும் என்ன ஆனார்களோ, கௌஸ் பாய் எங்கே இருக்கிறாரோ என்று அடித்துக்கொண்ட மனசு, கொஞ்ச நேரத்தில் ஊருக்குத் தாவியது. விடிந்தால் முகூர்த்தம். அட்டைப் பெட்டிமேல் உட்கார்ந்து தங்கச்சிக்குப் போன் போட்டான்.

"பானு, என்னால வர முடியாதுத்தா. எனக்காக நிறுத்த வேணாம். பங்காளி வீட்டுல ஆரையாச்சும் உக்காரவச்சுக் குத்திருங்க."

அந்தப் பக்கம் அழுகைச் சத்தம், பிறகு ஏதோ கசமுசா. போன் கை மாறியது.

"மச்சான், நான் விஜயபாஸ்கர் பேசுறேன்."

மேடை மைக்கில் தவிர வேறு எங்கும் அந்தக் குரலைக் கேட்டு எத்தனையோ காலமாகிவிட்டது. சோலைமுத்து பெட்டியைவிட்டு எழுந்து நின்றான்.

"பந்தியப் போட்டுருவோம், கெடா வெட்டியாச்சு. ஆசாரியத் திருப்பி அனுப்பிர்றேன். காது நீங்க வந்துதேன் குத்துறது. எப்ப வானத்தத் தொறக்கிறாய்ங்களோ அப்ப வாங்க."

"மாப்ள..."

"அத விடுங்க. டிவில குண்டு விழுகுறதையே காட்டுறாய்ங்க. சோறு எறங்கல. ஒங்களுக்கு ஒண்ணும் இல்லையே? அத மொதல்ல சொல்லுங்க."

சுவரைப் பற்றிக் கேட்டிருந்தால் சோலைமுத்துவிடம் ஆயிரம் பதில் இருந்தது. மாப்பிள்ளை கேட்டது வேறு. சுற்றிலும் ஜனம் பார்த்துக்கொண்டிருக்க, வெட்கமே இல்லாமல் அழுதான்.

"நல்லா இருக்கேன் மாப்ள" என்றான். "நீங்க சாப்பிடுங்க."