குச்சி பூக்கிற அன்றைக்கு

எட்டாயிரத்து அறுநூற்று நாற்பது ரூபாய். பெயிண்டருக்கு அவருடைய தங்கை புருஷன் தர வேண்டிய பாக்கி அது. அவனுடைய பூக்கடைக்கு உள்ளும் புறமும் பட்டி பார்த்து, இரண்டு கை பூசி, கண்ணாடிக் கதவில் தெறித்த சொட்டுகளைக்கூட பிளேடால் சுரண்டிக் கொடுத்ததற்கான கூலி. வேறொருவன் என்றால் சட்டையைப் பிடித்திருப்பார். மாப்பிள்ளையாகப் போய்விட்டான். அவன் சட்டையைப் பிடித்தால் கிழிவது தங்கையின் நிம்மதி. ஏற்கெனவே நாள் முழுக்கக் கல்லாவில் உட்காருகிறாள். ஒரு காசு அவள் கைக்கு வருவதில்லை.

பொறுத்துப் பொறுத்துப் பார்த்தவர், ஒரு நாள் கடை நிறைய ஆள் இருக்கும்போதே கேட்டுவிட்டார். மாப்பிள்ளை குப்பைக்கூடைப் பக்கம் குனிந்தான். பூவெல்லாம் உதிர்ந்த ஆர்க்கிட் தொட்டி ஒன்றை எடுத்து அவர் கையில் வைத்தான். தடித்த இலைகள் நாலைந்து, நடுவில் மொட்டைக் குச்சி.

"இந்தக் குச்சி மறுபடி பூக்குற அன்னிக்கு வாங்க மச்சான். பைசா குறையாம எண்ணி வைக்கிறேன்."

கடையே சிரித்தது. தங்கை மட்டும் தலையைக் குனிந்துகொண்டாள்.

ஆர்க்கிட் வீட்டில் இரண்டாம் தடவை பூக்காது என்பதுதான் மாப்பிள்ளையின் வேதவாக்கு. "தூக்கிப் போட்டுட்டுப் புதுசா எடுத்துக்குங்க" என்பான். ஜனங்களும் எடுத்துக்கொண்டு போவார்கள். கடையில் பாதி வியாபாரம் அந்த ஒரு வாக்கியத்தில்தான் ஓடிக்கொண்டிருந்தது.

பெயிண்டர் தொட்டியை வழியில் எறியவில்லை. வீட்டுக்கே கொண்டுவந்தார். மனைவி இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தாள்.

"காச வாங்கிட்டு வரச் சொன்னா குச்சிய வாங்கிட்டு வந்திருக்கீங்க. அடுப்புல வைக்கவா?"

"இத பூக்க வைக்கப் போறேன். அவன் கடையிலயே கொண்டுபோய் வச்சு அவன் மூஞ்சில கரியப் பூசுறேன்."

"பூசுறதுதான் உங்களுக்குத் தெரிஞ்ச வேலை. அதுக்காவது கூலி வருதான்னு பாருங்க."

தொட்டியைக் கவிழ்த்துப் பார்த்தார். தண்ணீரில் ஊறி வேர் பாதி அழுகியிருந்தது. நைந்ததை வெட்டி எறிந்துவிட்டு, அதே தொட்டியில் மரப்பட்டைத் துண்டுகளை நிரப்பி நட்டார். ஈரம் பார்ப்பது அவருக்குப் புதிதல்ல. ஈரச் சுவரில் வண்ணம் பூசிக் கெட்டவர். வேர் சுண்ணாம்புச் சுவர் மாதிரி வெளுத்தால் தண்ணீர் காட்டுவார். பச்சையாக இருந்தால் தொடமாட்டார். இளவெயில் விழும் ஜன்னல்தான் அதற்கு இடம். தினமும் காலையில் அதன் முன்னால் நின்று பல்லைக் கடிப்பார். "பூத்துடு. அன்னிக்கு அவன் சிரிச்ச சிரிப்ப நான் சிரிக்கணும்."

இலை விட்டது. பூ வரவில்லை. பூ இறக்கும் லாரி டிரைவர்தான் விஷயத்தைச் சொன்னார்: "கதகதன்னே வச்சிருந்தா இலையாத்தான் விடும் அண்ணே. ராத்திரியில கொஞ்சம் குளிர் காட்டுங்க."

குளிர் தொடங்கியதும் ஜன்னல் இரவெல்லாம் திறந்தே கிடந்தது. மனைவி போர்வைக்குள்ளிருந்து கத்தினாள். "சக்களத்திக்குக் குளிர் வேணும்னா நான் எதுக்கு விறைக்கணும்?" அன்றிலிருந்து அந்தச் செடிக்குச் சக்களத்தி என்றே பெயர்.

சக்களத்தி காம்பு விட்டாள். மொட்டும் கட்டினாள். அந்த நேரம் பார்த்து அடைமழை. தின்னர் டப்பாக்களையும் பிரஷ்களையும் பெயிண்டர் அறைக்குள் கொண்டுவந்து வைத்தார். அந்த நெடி அவருக்கு மூக்கில் ஏறுவதேயில்லை, பழகிப்போன மூக்கு. மொட்டெல்லாம் மஞ்சளாகிச் சுருங்கி உதிர்ந்தன.

"அவன் செய்யாதத என் கையே செஞ்சிடுச்சே" என்று தரையில் உட்கார்ந்துவிட்டார்.

கேலி பேசுவாள் என்று பார்த்தால், மனைவி டப்பாக்களை ஒவ்வொன்றாகத் தூக்கி மாடிப்படிக்குக் கீழே போட்டுவிட்டு வந்தாள். "எந்திரிங்க. காம்பு இன்னும் பச்சையாத்தான் இருக்கு. அவன் சிரிச்சது உங்களப் பாத்து மட்டுமா? என்னையும் பாத்துத்தான்."

கருகிய நுனியை மட்டும், ஒரு கணுவுக்கு மேலே, பிளேடைக் காய்ச்சி வெட்டினார். காத்திருந்தார்கள். கணுவிலிருந்து பக்கக் காம்பு எட்டிப் பார்த்தது. இந்தத் தடவை பிரஷ் ஒன்றுகூட வாசலைத் தாண்டவில்லை. வெள்ளைப் பூக்கள் வரிசையாக விரிந்தன.

கூட்டம் நெரியும் நேரம் பார்த்து இருவருமாகப் பூக்கடைக்குள் நுழைந்தார்கள். பெயிண்டர் தொட்டியைக் கல்லா மேசையில் வைத்தார். மாப்பிள்ளைக்கு முகம் செத்துவிட்டது.

"வேற எங்கயோ வாங்கிட்டு வந்து..."

பெயிண்டர் தொட்டியைத் திருப்பினார். அந்தக் கடை ஸ்டிக்கர், அதில் மாப்பிள்ளை கையால் எழுதிய விலை.

அப்போது ஓர் அம்மாள், புதுத் தொட்டியைக் கையில் பிடித்தபடியே கேட்டாள்: "எங்க வீட்டுலயும் இப்படித்தாங்க குச்சியா நிக்குது. எப்படிப் பூக்க வச்சீங்க?"

பெயிண்டர் இதை நினைத்து வரவில்லை. மூஞ்சியில் கரி பூசத்தான் வந்தார். கடையின் குரல்வளையே கைக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

மாப்பிள்ளைக்கும் அது புரிந்துவிட்டது. கல்லாவிலிருந்து நோட்டுகளை அள்ளி அவர் கையில் திணித்தான். "இந்தாங்க மச்சான், முழுசா இருக்கு. மேல ஆயிரமும் இருக்கு. வாயத் தொறக்காமப் போயிடுங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

நோட்டு கனமாகத்தான் இருந்தது. வீட்டு வாடகை பாக்கி நின்றுகொண்டிருந்தது. பெயிண்டர் மனைவியைப் பார்த்தார்.

"கூலின்னா வாங்குங்க" என்றாள் அவள். "வாய்க்கு வாடகைன்னா வேண்டாம்."

பெயிண்டர் நோட்டுகளை மேசையில் வைத்து, காற்றில் பறக்காமல் இருக்க அவற்றின் மேல் தொட்டியை நகர்த்தினார்.

"பாக்கியத் தள்ளுபடி பண்ணிட்டேன் மாப்பிள்ள. இனிமே உங்களுக்கும் எனக்கும் ஒரு கணக்கும் இல்ல."

பிறகு அந்த அம்மாளின் பக்கம் திரும்பினார். "கேட்டுக்குங்கம்மா. குச்சிய அடியோட வெட்டாதீங்க. தினம் தினம் தண்ணியும் ஊத்தாதீங்க..."

ஆட்கள் நெருங்கி வந்தார்கள். ஒருவர் கையிலிருந்த புதுத் தொட்டியை ஓசைப்படாமல் அலமாரியில் திருப்பி வைத்தார். மாப்பிள்ளை பெண்டாட்டியை முறைத்தான், உன் அண்ணனை அடக்கு என்று.

தங்கை கல்லாவைச் சாத்திவிட்டுத் தலையை நிமிர்த்தினாள்.

"அண்ணே, கொஞ்சம் சத்தமாச் சொல்லு. பின்னாடி நிக்கிறவங்களுக்குக் கேக்கல."