போன் மேல் போட்ட பழி

“போதும்ட்டி.”

“என்னது போதும்? பஜ்ஜியா?”

“ஊசி. ஆஸ்பத்திரி. எல்லாந்தான்.”

“அருவிக்கு வந்த இடத்துல பேச்சைப் பாரு. பேசாம இருங்க.”

“பேசாமதான இருக்கேன். நீ டாக்டர்ட்ட சொல்லிரு. பாண்டிகிட்டயும் சொல்லிரு.”

இதில் ஸ்ரீதேவி பேசியது மட்டும்தான் வாயால் பேசியது. அவள் கணவர் மந்திரமூர்த்தி சொன்னதெல்லாம் போனில் தட்டிக் காட்டியது. வைகாசிக் கடைசியில், சீசன் தொடங்கிய முதல் ஞாயிற்றுக்கிழமை, ஐந்தருவியில் நடந்த பேச்சு அது. அருவிச் சத்தத்தில் அன்றைக்கு எல்லோரும் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தார்கள். அவருக்கு அந்தச் சிரமம் இல்லை. திரையை அவள் முகத்துக்கு நேராக நீட்டினால் போதும்.

அவள் போனை வாங்கி, திரையை அணைத்து, அவர் சட்டைப் பையில் திரும்ப வைத்தாள். பஜ்ஜி எண்ணெய் பட்ட விரல் தடம் சட்டையில் விழுந்தது.

மந்திரமூர்த்தி தென்காசியிலிருந்து ஐந்தருவி போகும் மினி பஸ்ஸில் இருபத்தாறு வருடம் கண்டக்டராக இருந்தவர். தை மாதம் புற்றுநோய்க்காகக் குரல்வளையை எடுத்துவிட்டார்கள். கழுத்தில் ஒரு துளை வழியாகத்தான் மூச்சு. துளைக்கு மேல் மெல்லிய துணி ஒன்று கட்டியிருப்பார். தண்ணீர் உள்ளே போய்விடக் கூடாது என்பதால் சாரலில்கூடக் குடையோடுதான் நிற்க வேண்டும். சித்திரையில் நோய் நுரையீரலுக்குப் போய்விட்டது என்று சொன்னார்கள். மூன்று வாரத்துக்கு ஒரு வியாழக்கிழமை ஊசி. அதற்குப் பிறகு பத்துப் பன்னிரண்டு நாள் வாந்தி, எரிச்சல், படுக்கை. எழுந்து உட்கார்ந்து ஒரு வாய் கஞ்சியை ருசி தெரிந்து குடிக்கும்போது அடுத்த வியாழன் வந்துவிடும்.

“இது நோயைத் தீர்க்காது சேச்சி. கொஞ்சம் தள்ளிப்போடும், அவ்வளவுதான்” என்று மலையாளி டாக்டர் அவளிடம் தனியாகச் சொல்லியிருந்தார்.

தள்ளிப்போட்டால் போதும் என்று இருந்தது அவளுக்கு.

போன் மேல் பழி விழுந்த கதை ஒரு தமாஷில்தான் ஆரம்பித்தது. இங்கிலீஷ் எழுத்தில் தட்டினால் தமிழில் விழும் கீபோர்டு அது. நாம் தட்டுவது தப்பு என்று அதற்குத் தோன்றினால் தானாகவே வேறு வார்த்தை போட்டுவிடும். ஒரு நாள் காலையில் அவர் வெந்நீர் கேட்டார். போன் வெண்ணெய் என்று போட்டது. ஸ்ரீதேவி கடைக்கு ஓடிப்போய் நூறு கிராம் வெண்ணெய் வாங்கிக்கொண்டு வந்தாள். அவர் தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தார். சத்தமே இல்லாத அந்தச் சிரிப்பை அவள் அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தாள். இரண்டு பேரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

ஐந்தருவிக்குப் போய்வந்த மறுவாரம் ஓசூரிலிருந்து மகன் விஜய்பாண்டி கூப்பிட்டான்.

“எம்மா, அப்பா என்னமோ அனுப்பிருக்காக. ‘எனக்கு போதும் பாண்டி, விட்டுருங்க’னு இருக்கு. என்ன போதுமாம்?”

“அது போன் மாத்திப் போட்டிருக்கும்டே” என்றாள் ஸ்ரீதேவி. யோசிக்கவே இல்லை. “வெந்நீர வெண்ணெய்னு போட்ட சனியன்லா அது. கஞ்சி போதும்னு எனக்கு அனுப்ப வேண்டியது உனக்கு வந்திருக்கும்.”

“அதானே பாத்தேன். தீபாவளிக்குப் புதுப் போன் வாங்கித் தாரேன்னு சொல்லுங்க.”

அதன்பிறகு அவர் அதே விஷயத்தை இரண்டு முறை மகனுக்கு எழுதினார். இரண்டு முறையும் சிரிக்கும் முகம் ஒன்று பதிலாக வந்தது.

ஆஸ்பத்திரியில் இன்னும் சுலபம். டாக்டர் வாரத்துக்கு ஒரு நாள் கேரளத்திலிருந்து வருகிறவர். தமிழ் நன்றாகப் பேசுவார், படிக்கத் தெரியாது. மந்திரமூர்த்தி எழுதிக் காட்டுவதை ஸ்ரீதேவிதான் வாசிக்க வேண்டும். ஆனி மாதம் அவர், ‘இனி ஊசி வேண்டாம்’ என்று எழுதி நீட்டினார். அவள் திரையைப் பார்த்துக்கொண்டே, “வாந்தி முந்திக்கு இப்ப தேவலையாம் சார்” என்று வாசித்தாள். மந்திரமூர்த்தி மேசையில் ஓங்கி அடித்தார். வலி அதிகமாக இருக்கிறது போலிருக்கிறது என்று டாக்டர் ஒரு மாத்திரையைக் கூட்டி எழுதினார்.

சொல்லாத வரைக்கும் அடுத்த வியாழன் என்று ஒன்று மீதி இருந்தது.

ஆடி பிறந்து பத்து நாள் இருக்கும். ஸ்ரீதேவி தான் வேலை பார்க்கும் அங்கன்வாடியை மூடிவிட்டு பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் வந்தபோது மொபைல் கடை பெலிக்ஸ் கூப்பிட்டான்.

“எக்கா, அண்ணாச்சி வந்துட்டுப் போனாக.”

“தனியாவா? நடந்தா?”

“நடந்துதான். நடுவுல ரெண்டு இடத்துல உக்காந்துதான் வந்தாகளாம். தானா வார்த்தைய மாத்துத அந்த ஆட்டோ கரெக்டை எடுத்துரச் சொன்னாக. எடுத்துட்டேன்.” அவன் குரலைத் தாழ்த்தினான். “என்னத்துக்கு அண்ணாச்சி, அது இருந்தா லேசுலானு கேட்டேன். ‘நான் சொல்லுததை ஒருத்தரும் நம்ப மாட்டேங்காக, எல்லாம் போன் சொல்லுதுங்காக’னு எழுதிக் காட்டினாக.”

அவள் வீட்டுக்கு வந்தாள். மத்தியானம் அவர் அசந்து தூங்கியபோது போனை எடுத்தாள். கீபோர்டு செட்டிங்ஸில் நான்காவது வரியில் ஒரு சின்னப் பொத்தான். நீலமாக இருந்தால் போன் திருத்தும். சாம்பல் நிறமானால் திருத்தாது. விரலால் தொட்டாள். நீலமானது.

நான்கு நாள் கழித்து அவர் மறுபடி பெலிக்ஸ் கடைக்கு நடந்தார். அது சாம்பலானது. அவள் அதை நீலமாக்கினாள். அடுத்த வாரம் பெலிக்ஸ் அவளை மறித்து நின்றான்.

“அண்ணாச்சி அந்தப் பொத்தானுக்குப் பூட்டு கேக்காகக்கா. அதுக்குப் பூட்டு கெடையாது. வீட்ல யாரு அதைத் தொடுதா?”

“தானா மாறியிருக்கும்.”

“தானா மாறாதுக்கா” என்றான் பெலிக்ஸ். பிறகு அவள் முகத்தைப் பார்க்காமல், சார்ஜர் வயர்களைச் சுருட்டி அடுக்க ஆரம்பித்தான்.

அன்றைக்கு மத்தியானம் அவர் தூங்கவில்லை. கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அவள் கஞ்சியை ஆற்றிக்கொண்டு வந்து வைத்தபோது திரையைக் காட்டினார்.

“நீதானா?”

“எது?”

“அங்கன்வாடி ஆப்புல எத்தன பிள்ளைக்கு எத்தன முட்டைனு தப்பில்லாம அடிக்குத. எம் போன்ல ஒரு பொத்தான் உனக்குத் தெரியாதாக்கும்.”

“கஞ்சி ஆறுது. குடிங்க.”

அவர் போனைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு தட்டினார். விரல் நுனியெல்லாம் ஊசி மருந்தில் மரத்துப் போயிருந்ததால் ஒவ்வோர் எழுத்துக்கும் நேரம் ஆனது. அவள் காத்திருந்தாள். முன்பெல்லாம் பஸ் ஓடிக்கொண்டிருக்கும்போதே படியில் தொங்கியபடி, முன் சீட்டில் இருக்கும் அவளிடம் ஊரே கேட்க வம்பு பேசியவர். “டீச்சரம்மா, மேலகரம் வந்தாச்சு. எறங்க மனசில்லன்னா ஐந்தருவி வரைக்கும் வாங்க!” அப்படிப் பேசிப் பேசித்தான் கல்யாணமே நடந்தது.

திரை மறுபடி அவள் பக்கம் திரும்பியது. ‘நான் ஏசலட்டி. உனக்குப் பயமா இருக்கு. எனக்கும் இருக்கு. ஆனா அசதியா இருக்கு. ரொம்ப.’

சில வார்த்தைகள் கோணலாக விழுந்திருந்தன. போன் எதையும் திருத்தவில்லை. அவளால் எல்லாவற்றையும் வாசிக்க முடிந்தது.

“பாண்டி கல்யாணத்தைப் பாக்க வேண்டாமா நீங்க?” என்றாள். அவளுக்கே அது நியாயமாகப் படவில்லை. பாண்டிக்கு இன்னும் பெண்கூடப் பார்க்கவில்லை.

அவர் அவள் கையைப் பிடித்துத் தன் நெஞ்சின் மேல் வைத்துக்கொண்டார். துளை வழியாக மூச்சு உரசிக்கொண்டு போய் வந்தது. ஒரு படிக்கட்டு ஏறினால்கூட இப்போதெல்லாம் அந்தச் சத்தம் அடுத்த அறைவரை கேட்டது. கஞ்சியில் ஆடை படிந்தது. இரண்டு பேருமே அதைத் தொடவில்லை.

வியாழக்கிழமை ஆஸ்பத்திரியில் கூட்டம். மருந்துக்கு எழுதிக் கொடுக்கும் முன் மகனிடமும் ஒரு வார்த்தை பேசிவிடலாம் என்றார் டாக்டர். ஸ்ரீதேவி தன் போனில் விஜய்பாண்டியை வீடியோவில் கூப்பிட்டு, மேசையில் தண்ணீர் பாட்டிலில் சாய்த்து வைத்தாள்.

“ஸ்கேன் அத்தனை நல்லதா இல்ல” என்றார் டாக்டர். “மருந்தை மாத்திப் பாக்கலாம். கொஞ்சம் கடுமையா இருக்கும். வாரா வாரம் வரணும்.”

“பாத்துருவோம் சார்” என்றான் விஜய்பாண்டி உடனே. “லீவு போட்டுட்டு நான் வாரேன். எப்பா, தைரியமா இருங்க, என்ன?”

மந்திரமூர்த்தி மகனைப் பார்த்துத் தலையசைத்தார். பிறகு போனை எடுத்தார். மூன்று பேரும் காத்திருந்தார்கள். வெளியே நர்ஸ் யாரோ ஒருவர் பெயரை இரண்டு முறை கூப்பிட்டாள். தட்டி முடித்து, திரையை டாக்டரிடம் நீட்டினார். டாக்டர் பார்த்துவிட்டு, சங்கடமாகச் சிரித்து, ஸ்ரீதேவியிடம் கொடுத்தார்.

“சேச்சி, சார் என்ன எழுதியிருக்காரு?”

அவள் வாங்கினாள். இரண்டு வரி. அதற்குள்ளேயே அவளுக்கு வேறு இரண்டு வரி தயாராகிவிட்டது. கால் எரிச்சல் ஜாஸ்தியா இருக்காம் சார். புது மருந்துக்குச் சம்மதமாம் சார். நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

“எம்மா, என்னம்மா? போன் மறுபடி மாத்திப் போட்டிருச்சா?” என்று விஜய்பாண்டி பாட்டில் பக்கத்திலிருந்து சிரித்தான்.

மந்திரமூர்த்தி அவளைப் பார்க்கவில்லை. மேசையில் அடிக்கவும் இல்லை. அவள் எதை வாசித்தாலும் சரி என்பதுபோல், மரத்துப்போன விரல்களை மடியில் வைத்துத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கல்யாணமான இருபத்தைந்து வருடத்தில் அவர் எதையும் இப்படி விட்டுக்கொடுத்து அவள் பார்த்ததில்லை.

“போன் மாத்தலடே” என்றாள் ஸ்ரீதேவி. “அப்பவும் மாத்தல. நான்தான்.”

அவன் சிரிப்பு நின்றது. அவள் திரையைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுவந்தாள். கண்ணாடி போட மறந்திருந்தாள். ஆனாலும் வார்த்தை வார்த்தையாக, டாக்டருக்கும் மகனுக்கும் கேட்கும்படி வாசித்தாள்.

“ ‘ஊசி போதும் சார். வலிக்கு மட்டும் மருந்து தாங்க. மிச்ச நாள என்னைய எம் பொண்டாட்டியோட வீட்ல இருக்க விடுங்க.’ ”