கவரைப்பேட்டை வரைக்கும்

"தடா வந்துடுச்சா?" என்று கேட்டதுதான் சாம்சன் கடைசியாகப் பேசியது. சுகிர்தா ஜன்னல் வழியே எட்டிப் பார்த்து, "தோ, வருது" என்று சொல்லித் திரும்புவதற்குள் அவர் தலை அவள் தோளில் சாய்ந்திருந்தது.

தூக்கம் என்றுதான் நினைத்தாள். விடிந்ததிலிருந்து நேலப்பட்டு ஏரிக்கரையில் கூழைக்கடாப் பறவைகளைப் பார்த்து நின்ற களைப்பு. சூளூர்ப்பேட்டை ஸ்டேஷன் படி ஏறும்போதே, "காத்தே இல்ல சுகி" என்று நெஞ்சைத் தடவிக்கொண்டவர்தான். ரயில் தடாவை விட்டுக் கிளம்பியதும் அவர் வலத்தோளில் இரண்டு தட்டு தட்டினாள்.

அது அவர்களுக்குள் இருந்த பேச்சு. கம்பி மில்லில் முப்பத்துநாலு வருஷம் நின்றதில் அவருக்குக் காது போய்விட்டது. ஓய்வு பெற்ற இந்த ஒரு வருஷமாய்க் காடு, ஏரி என்று சுற்றும்போது குருவிச் சத்தத்தைக் கேட்பது அவள் வேலை. எந்தப் பக்கமோ அந்தத் தோளில் தட்டுவாள். அவர் கண் அங்கே பாயும். எவ்வளவு அசந்து தூங்கினாலும் அந்தத் தட்டுக்குத் திரும்பிவிடுவார்.

திரும்பவில்லை. மூக்கருகே விரல் வைத்துப் பார்த்தாள். இன்னொரு தரம் வைத்துப் பார்த்தாள்.

கத்தப் போனவள் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள்.

மில்லில் கூட வேலை செய்த சுப்பிரமணியும் இப்படி ரயிலில் உயிர் போனவர்தான். வழியில் ஏதோ ஸ்டேஷனில் போலீஸ் உடலை இறக்கி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது. இரண்டு நாள் கழித்துத் துணியில் சுருட்டிக் கொடுத்தார்கள். முகம் பார்க்கப் போய்த் தையலைப் பார்த்துவிட்டு வந்த சாம்சன் அன்றைக்குச் சோறு தின்னவில்லை.

"என்ன அப்பிடி அறுத்துத் தெச்சுக் குடுக்க உட்றாத. நேரா ஊட்டுக்கு இட்டாந்துடு. சத்தியம் பண்ணு."

பண்ணியிருந்தாள்.

அவர் தொப்பியை மூக்குவரைக்கும் இழுத்துவிட்டாள். திறக்கப் பார்த்த வாயைத் தன் தோளால் முட்டுக்கொடுத்து மூடினாள். ஒரு கையால் மகனுக்குப் போன் போட்டாள்.

"ஸ்டீவா, ஆட்டோ இட்டுக்கினு கவரப்பேட்ட ஸ்டேஷனுக்கு வா. நைனாவுக்குத் தலசுத்தா கீது."

"இந்த வயசுல ஊரு சுத்தாதீங்கன்னு எத்தினி வாட்டி..."

"வாடா."

ஆரம்பாக்கத்தில் காக்கிச் சட்டை ஒன்று ஏறியது. முப்பது முப்பத்தைந்து வயதிருக்கும். நெஞ்சில் சரவணன் என்று எழுதியிருந்தது. கஞ்சா சோதனை. ஒவ்வொரு பையாய்ப் பிரித்துக்கொண்டே வந்தான். சுகிர்தா ஒரு காலை இன்னொரு காலால் மிதித்துக்கொண்டாள்.

"பெரியவரே, அந்தப் பைய எடுங்க."

"அவருக்குக் காது கேக்காது சார். தூங்கிக்கினு கீறாரு. நான் தரேன்."

பையிலிருந்து டிபன்பாக்ஸ், பைனாகுலர், படம் போட்ட பறவைப் புத்தகம், ஒரு நோட்டு.

"இன்னா இதெல்லாம்?"

"குருவி பாக்குறது சார்."

"காது கேக்காதவரு எப்டிம்மா குருவி பாப்பாரு?"

"நான் கேப்பேன். அவரு பாப்பாரு."

அவன் சிரித்தான். போய்விடுவான் என்று பார்த்தால், புத்தகத்தைப் புரட்டிக்கொண்டே எதிர் சீட்டில் உட்கார்ந்துவிட்டான்.

"எங்கெல்லாம் போனீங்க?"

"பழவேற்காடு, வேடந்தாங்கல், கோடியக்கர..." வார்த்தை வார்த்தையாய்த் துப்பினாள். "முதுமலைக்குப் போனோம். ஆன வந்து ஜீப்பத் தொரத்துச்சு. இவருக்கு அந்தச் சத்தம் கேக்கல. பின்னாடி ஏதோ மரங்கொத்தின்னு பாத்துக்கினு கீறாரு. நான் ஏசுவே ஏசுவேன்னு கத்தறேன்."

"அய்யய்யோ! அப்றம்?"

"அப்றம் இன்னா... அது உட்டுட்டுப் போயிடுச்சு."

தோளில் கனம் ஏறிக்கொண்டே போனது. எளாவூரில் ரயில் குலுங்கி நின்றபோது தலை முன்னால் சரிந்தது. கன்னத்தைத் தடவுகிறவள்போலப் பிடித்து நிறுத்தினாள். கன்னம் சில்லிட்டிருந்தது.

"ஆர்.கே.பேட்டையில எங்க கொல்லையில சின்ன வயசுல ஒண்ணு பாத்தேன்மா. ரிப்பன் மாதிரி வெள்ள வாலு. சொன்னா எவனும் நம்பல." பக்கங்களைத் தள்ளியவன் ஓரிடத்தில் நின்றான். "தோ! இதான்! பெரியவரே, இத பாத்துக்கீறீங்களா?"

"சார், எழுப்பாதீங்க..."

அதற்குள் அவர் முழங்காலைத் தட்டிவிட்டான். மடியிலிருந்த கை நழுவித் தொங்கியது. எடுத்து வைக்கலாமென்று பிடித்தவன் பிடித்தபடியே இருந்தான். சிரிப்பு அப்படியே முகத்தில் நின்றது. கட்டைவிரல் மெல்ல நகர்ந்து மணிக்கட்டைத் தேடியது.

வெளியே ஃபேக்டரிச் சுவர்கள் ஓடத் தொடங்கியிருந்தன.

"எப்பம்மா?"

"தடாவுல."

"எங்க எறங்கணும்?"

"கவரப்பேட்ட. ஊட்டுக்கு இட்டாறேன்னு சொல்லிக்கீறேன் சார். அறுக்க உட்றாதீங்க சார். உன் கால்ல..."

"கால எல்லாம் புடிக்காதீங்க. யாராச்சும் பாக்கப் போறாங்க."

கும்மிடிப்பூண்டி வந்தது. அவன் இறங்கவேண்டிய இடம். பிளாட்பாரத்தில் இன்னும் இரண்டு காக்கிச் சட்டைகள் நின்றிருந்தன. அவன் எழுந்து வாசலுக்குப் போனான். அவ்வளவுதான் என்று நினைத்த சுகிர்தா, இருந்த பலத்தையெல்லாம் சேர்த்து அவரை இறுக்கிக்கொண்டாள். யாராவது பிரிக்க வந்தால் கடித்துவிடுவாள்.

"இன்னாடா சரவணா, ஏதாச்சும் கீதா?"

"ஒண்ணுமில்ல சார்."

"எறங்கு."

"பின்னாடி பொட்டி பாக்கல சார். பொன்னேரி வரிக்கும் போயிட்டு வந்துடறேன்."

அந்தக் குரல் வேறு யாருடையதோபோல இருந்தது.

ஷிப்ட் முடிந்த கூட்டம் டிபன் பையும் சத்தமுமாய் உள்ளே முண்டியடித்தது. ஒருத்தன் சாம்சன் பக்கத்துக் காலி இடத்தைப் பார்த்துவிட்டான். "பெருசு, கொஞ்சம் தள்ளி..."

"உள்ள போ, உள்ள போ. அங்க எடம் கீது பாரு." சரவணன் குறுக்கே வந்து நின்றான். இரண்டு கையாலும் மேல்கம்பியைப் பிடித்து, கால்களை அகட்டி, அவர்களுக்கு முதுகைக் காட்டியபடி. "தூங்கறாரு. மேல வுழாத. நவுரு."

ரயில் கிளம்பியது. கூட்டம் முட்டியது, அவன் நகரவில்லை. சுகிர்தாவின் கண்ணுக்கெதிரே அந்த முதுகு மட்டும்தான் இருந்தது. காக்கிச் சட்டை கழுத்திலிருந்து இடுப்புவரைக்கும் நனைந்து கறுத்திருந்தது.