எட்டுச் சினைப் பன்றிகளின் ரத்தம்

தி. நகரில் ஒரு மெஸ்ஸின் பின்சந்தில், மதியச் சாப்பாட்டின் மிச்சமெல்லாம் நீல டிரம்மில் விழுந்துகொண்டிருந்தது. தங்கம் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வாளி வாளியாக வாங்கி ஊற்றினாள். சோற்றுக்குள் கிடந்த பல்குச்சியையும் ரப்பர் பேண்டையும் அவள் கை தானாகவே கண்டுபிடித்து எடுத்து வெளியே எறிந்தது. பன்றி வயிற்றுக்குள் அதெல்லாம் போகக் கூடாது.

மதுவந்தி சந்து முனையில் நின்று அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கிண்டியில் ஓர் ஆய்வுக்கூடத்தில் நாலு வருஷமாகப் பன்றி வைரஸ்களோடு குடித்தனம் நடத்துகிறவள் அவள். மயிலாப்பூரில் அவள் அம்மா, "மது ஏதோ கிருமி பத்திப் படிச்சுண்டிருக்கா" என்பதோடு நிறுத்திக்கொள்வாள். எந்தப் பிராணியின் கிருமி என்று யாரும் கேட்டதில்லை.

குன்றத்தூர் தாண்டி தங்கத்துக்கும் அவள் புருஷன் தனபாலனுக்கும் ஒரு பன்றிப் பண்ணை. வெளியாள் கிட்டே போனால் பன்றிகள் மிரளும் என்று, ரத்தம் எடுக்க மதுவந்தி தங்கத்துக்கே கற்றுக்கொடுத்திருந்தாள். இரண்டே நாள்தான். காது மடலில் ஒரு தட்டு, நரம்பு எழும். பன்றி தலையைத் திருப்புவதற்குள் ஊசி உள்ளே போய் வெளியே வந்திருக்கும். பத்து வருஷம் ஊசி பிடித்தவர்களிடமும் மதுவந்தி அப்படி ஒரு கையைப் பார்த்ததில்லை.

அந்தக் கை நிரப்பிக் கொடுத்த இருபது குழாய்களில் பதின்மூன்றில் வைரஸ் இருந்தது. பெரிய பன்றிகளுக்கு மூச்சு முட்ட வைத்து, குட்டிகளைக் கருவிலேயே கொல்லும் வைரஸ். பதின்மூன்றில் எட்டு, சினைப் பன்றிகளின் குழாய்கள். அந்த எட்டுப் பன்றிகளையும் கழித்துவிடச் சொல்லிவிட்டார் கால்நடை டாக்டர். சனிக்கிழமை கறிக்கு வண்டி வருகிறது. இன்று வியாழன்.

நேற்றுத்தான் அந்த வைரஸ்களின் மரபணு வரிசை வந்தது. ஒரு பன்றியிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும்போது இது ஓரிரு எழுத்தாவது மாறிக்கொள்ளும். நாலு குழாய்களில் அப்படித்தான், சித்தப்பா பெரியப்பா பிள்ளைகள் மாதிரி சின்னச் சின்ன வித்தியாசம். அந்த எட்டும், 'சாமியார்' என்று சீட்டு ஒட்டிய ஆண் பன்றியின் குழாயும் மட்டும் ஓர் எழுத்துகூடப் பிசகாமல் ஒன்றாக இருந்தன.

வழியெல்லாம் பஸ்ஸில் சொல்லிப் பார்த்த வாக்கியம் எதுவும் வாயில் வரவில்லை. "தங்கம்மா, அந்த எட்டுச் சினையும்... அது அதுங்க ரத்தம்தானா?"

தங்கம் வாளியைக் கீழே வைத்தாள். "இல்ல மேடம்."

சுற்றி வளைக்கவில்லை. அந்த ஒரு வார்த்தைக்கே மதுவந்திக்கு அவளைக் கும்பிடலாம் போலிருந்தது.

"வயித்துப் புள்ளக்காரிங்க மேடம். மிரண்டு சுவத்துல மோதிச்சின்னா கலைஞ்சிபூடும். சாமியாரு ஒருத்தன்தான் குத்துனா சும்மா நின்னுகினு இருந்தான். அவங்கிட்டயே இன்னும் கொஞ்சம் எடுத்து எட்டுலயும் ஊத்திட்டேன். ரத்தந்தானேன்னு நெனச்சிட்டேன்."

"அவன் காய்ச்சல்லதான் சும்மா நின்னிருக்கான், தங்கம்மா."

சந்தில் நின்ற மினி லாரியிலிருந்து தனபாலன் தலையை நீட்டினான். "மருமவளுங்க மேல ஒரு ஊசி பட வுடமாட்டா மேடம். என்னிய குத்தச் சொல்லு, இன்னிக்குப் பூரா குத்துவா."

"நீ வாயப் பொத்திகினு இரு," என்றாள் தங்கம், திரும்பாமலே. பிறகு தணிந்த குரலில், "நான் காப்பாத்துறேன்னு பண்ணதா அதுங்கள வண்டி ஏத்தப் பாக்குது?"

தங்கம் குழாயடியில் முழங்கை வரை தேய்த்துக் கழுவிக்கொண்டு வந்தாள்.

"பையில ஊசி கீதுங்களா மேடம்?"

அன்று சாயங்காலம் தொழுவத்தில் மதுவந்தி மூச்சுவிடாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொன்றின் முன்னும் தங்கம் குந்தி உட்கார்ந்து கழுத்தைச் சொறிந்துகொடுத்தாள். அது கண் சொக்கிய பிறகுதான் காதைத் தொட்டாள். எட்டில் ஒன்றுகூடச் சுவரில் மோதவில்லை.

வெள்ளிக்கிழமை காலை, கிண்டி ஆய்வுக்கூடத்தில், தோளைத் தாண்டித் தொங்கும் வெள்ளைக் கோட்டோடு தங்கம் கணினித் திரை முன் உட்கார்ந்திருந்தாள். சோதனை சுற்றுச் சுற்றாக ஓடும், வைரஸ் இருந்தால் கோடு மேலே எழும்பும், இல்லையென்றால் தரையோடு கிடக்கும் என்று மதுவந்தி சொல்லியிருந்தாள். இருபதாவது சுற்று வரை புது ரத்தத்தின் எட்டுக் கோடுகளும் கிடந்தன. இருபத்தாறில் ஒன்று மெல்லத் தலை தூக்கியது.

தங்கம் திரையில் அந்த இடத்தை விரலால் தொட்டாள்.

"இது யாரு மேடம்?"

மதுவந்தி பட்டியலில் பெயரைத் தேடினாள். மற்ற ஏழு கோடுகளும் படுத்தபடியே, ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு, வலப்பக்கமாக ஊர்ந்துகொண்டிருந்தன.