அடைக்க வேண்டாத கூரை

ஒழுகும் கூரைகளை அடைப்பதுதான் என் கணவரின் தொழில். மழைக்காலம் முழுக்க அவர் போன் ஓயாது. அக்கா வீட்டுக்குப் போகிற வழியில் நான்தான் அடம்பிடித்து, வண்டியைச் சுண்ணாம்புக்கல் குகைப் பக்கம் திருப்ப வைத்தேன்.

உள்ளே நுழைந்ததும் அவர் தலையில் ஒரு சொட்டு விழுந்தது. பழக்கதோஷத்தில் அண்ணாந்து விரிசலைத் தேடினார்.

“லட்சக்கணக்கான வருஷமா சொட்டுது சார். அந்தச் சொட்டுதான் இந்தத் தூணெல்லாம் ஆச்சு,” என்றார் வழிகாட்டி.

இவர் போனைப் பார்த்தார். சிக்னல் இல்லை. அப்பாடா என்று பாறையில் சாய்ந்தார்.

“இத அடைக்கச் சொல்லி ஒருத்தனும் கூப்பிட மாட்டான்!”

அந்த முகத்தில் இப்படியொரு நிம்மதியைப் பார்த்து எவ்வளவோ நாளாயிற்று. ஆனாலும் என் வாய் சும்மா இருக்குமா?

“நம்ம படுக்கையறை ஒழுகுதே, அங்கயும் தூண் வரட்டும்னுதான் விட்டு வெச்சிருக்கீங்களா?”