வரிசை மாறிய நாமினிகள்

காப்பீட்டு நிறுவனத்தின் தாம்பரம் கிளைக் கணக்குகள் புதிய கணினிக்கு மாறிய திங்கட்கிழமை, நாலாயிரத்துச் சொச்சம் பேரின் பாசம் ஓர் ஆள் தள்ளிப் போய் விழுந்தது. பம்மல் குப்புராஜ் மனைவிக்கு வாங்கிய மல்லிகைப் பூவோடு மறைமலை நகருக்குப் பஸ் ஏறி, முன்பின் பார்த்திராத முனியம்மாவின் கதவைத் தட்டி, மாத்திரை போட்டாயா என்று விசாரித்தார். போட்டேன் என்றாள் அவள். அன்று தக்காளி கிலோ நாற்பது ரூபாய்.

காரணம், கணக்குகளை மாற்றிக் கொடுத்த ஊழியன் வைத்தீஸ்வரனுக்கு மட்டும் தெரியும். பழைய மெயின்ஃபிரேம் கணினியில் பாலிசிதாரர்கள் ஓர் அட்டவணையிலும், அவர்கள் காலமானால் பணம் பெற வேண்டிய நாமினிகள் இன்னொன்றிலும் இருந்தார்கள். இரண்டையும் ஆளுக்கு ஒரு வரியாகச் சாதாரணக் கோப்புகளில் இறக்கி, பக்கத்துப் பக்கத்தில் ஒட்டியவன் அவன்தான். அந்த இயந்திரம் கேட்டால்தான் வரிசையாகத் தரும். வெள்ளிக்கிழமை, வீட்டுக்குக் கிளம்பும் அவசரம்; அவன் கேட்கவில்லை. நாமினிகளில் முதல் ஆள் கடைசிக்குப் போய் நின்றுகொள்ள, மற்ற எல்லாரும் ஒரு வரி மேலே ஏறிக்கொண்டார்கள்; பாலிசிதாரர்களின் பாசமும் பக்கத்தில் வந்த புது ஆள் மேல் போயிற்று. எண்ணிக்கை இரண்டிலும் ஒன்றாக இருந்ததால் எல்லாம் சரி என்று எழுதிக் கொடுத்துவிட்டான். அந்த வார்த்தையை நம்பிப் பழைய பதிவுகள் இருந்த டேப்புகளை அழித்தார்கள், மெயின்ஃபிரேமைக் காயலான் கடைக்குப் போட்டார்கள், அவனுக்குக் கேக் வெட்டிக் கைதட்டினார்கள். கேக்கைக் கையில் வைத்துக்கொண்டே கோப்பைத் திறந்து பார்த்தபோதுதான் வரிசை மாறியிருப்பது அவனுக்குத் தெரிந்தது.

அவனைப் போலவே அவன் மனைவி ரோஹிணியும் அதே கிளையில் பாலிசி எடுத்தவள். தினமும் மாலையில் டிபன் கேரியரோடு பொழிச்சலூருக்குக் கிளம்பினாள். அவன் சாப்பிட்டானா என்று ஒரு நாளும் கேட்கவில்லை. அவனுக்கும் அவளைப் பார்த்தால் மாடியில் குடியிருப்பவரைப் பார்ப்பது போலத்தான் இருந்தது. பெரும்பாக்கத்தில் தனம் என்ற அம்மாளின் முழங்கால் வலிதான் மனசைப் பிசைந்தது. வெட்கம் மட்டும் இடம் மாறவில்லை. அதற்கு எந்த அட்டவணையிலும் கட்டம் கிடையாது. ரோஹிணி வீட்டுக்குள் வரும்போதெல்லாம் அது அவன் கழுத்தைப் பிடித்துத் தலையைக் குனிய வைத்தது. பத்து வருஷம் தன்னோடு குடும்பம் நடத்தியவளுக்கு என்ன நடந்தது என்றாவது சொல்ல வேண்டும்; சொல்ல வாய் வரவில்லை. மழைக்காலம் முழுக்க அப்படியே ஓடிற்று.

தை பிறந்ததும் ஒருநாள் அவள் பின்னாலேயே பொழிச்சலூருக்குப் போனான். யேசுதாசன் என்ற பெரியவர் கதவைத் திறந்தார். ரோஹிணியின் புருஷன் என்று சொல்லிக்கொண்டான்.

"வா சார். இந்தம்மா யாருன்னே எனக்குத் தெரியாது, டெய்லி சோறு எடுத்துகினு வருது. எனக்கே கூச்சமா கீது. என் பொண்ணு ஜீவிதா இந்தப் பக்கம் எட்டிப் பாக்கறதே இல்ல. நான் இன்னா தப்பு பண்ணேன்னு தெரியல சார்."

வைத்தீஸ்வரனுக்குக் காது மடல் எரிந்தது. "நீங்க ஒரு தப்பும் பண்ணல. நான்தான் பண்ணேன்" என்று தொடங்கி, வெள்ளிக்கிழமை முதல் கேக் வரை ஒன்று விடாமல் கொட்டினான். திரும்ப மாற்ற வழியே இல்லை என்பதையும் சொன்னான். பெரியவர் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார்.

"அப்ப என் பொண்ணுக்கு என் மேல கோவம் இல்லியா?"

"இல்லைங்க."

அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். உள்ளே ரோஹிணி கையில் கரண்டியோடு நின்றிருந்தாள். அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தான். கத்தினால் தேவலை என்றும் இருந்தது.

"உங்க பேருக்கு நேரா யாரு?" என்றாள்.

"பெரும்பாக்கத்துல தனம்னு ஒருத்தங்க. முட்டி வலி."

"இன்னிக்குப் போனீங்களா?"

"இல்ல."

"காத்துட்டு இருப்பாங்க, போங்க. வரும்போது என்னைக் கூட்டிட்டுப் போயிடுங்க."

மறுநாள் அலுவலகத்தில் எல்லார் முன்னாலும் தன் தவறைச் சொன்னான். எண்ணிக்கைதான் சரியாக இருக்கிறதே என்றார் மேலாளர். அதற்குப் பிறகு அதைப் பற்றி யாரும் பேசவில்லை. சாயங்காலத்தில் அடுத்தவர் வீட்டுக்குப் போகிறவர்களுக்காகத் தாம்பரத்திலிருந்து ஒரு மினி பஸ் கூடுதலாக விட்டார்கள். வைத்தீஸ்வரன் மட்டும் அதில் ஏறுவதில்லை. தினமும் ஸ்கூட்டரில் ரோஹிணியைப் பொழிச்சலூரில் இறக்கிவிட்டு, பெரும்பாக்கம் போய்த் தனத்துக்குத் தைலம் தேய்த்துவிட்டு, திரும்ப வந்து அவளை ஏற்றிக்கொள்கிறான். அவள் அவன் தோளைப் பிடிப்பதில்லை, பின்னாலிருக்கும் கம்பியைப் பிடித்துக்கொள்கிறாள். பள்ளம் மேடு வந்தால் அவன் மெதுவாகத்தான் ஓட்டுகிறான்.