அட்டையில் இருந்த உயரம்

மூன்றாவது முறையும் அதே அளவுதான் வந்தது. தொடையெலும்பைப் பலகையில் கிடத்தி, நகரும் கட்டையை அதன் தலையோடு ஒட்ட வைத்தால் நாற்பத்து நான்கு சென்டிமீட்டர். கணக்குப்படி ஆளின் உயரம் நூற்று அறுபத்து மூன்றிலிருந்து அறுபத்து ஒன்பதுக்குள். காணாமல்போன காவலாளியின் வேலை அட்டையிலோ நூற்று எழுபத்தைந்து. பொருந்தவில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால் எலும்புகள் பெயரில்லாமல் எண் ஒட்டிய பெட்டிக்குள் போய்விடும்.

பரிசோதகருக்குப் பேனா ஓடவில்லை. இருபத்தாறு வருடமாக எலும்பு அளக்கிறவருக்கு, ஆண்பிள்ளைகள் உயரத்தில் விடும் கதை தெரியாதா? வரன் தேடிய காலத்தில் அவரே இரண்டு அங்குலம் கூட்டிப் போட்டவர்தான். அதற்கும் யாரும் மசியவில்லை என்பது வேறு விஷயம். இன்று அவர் அரை அடி குறைந்துபோனாலும் வீட்டில் கண்டுபிடிக்க ஆளில்லை.

காவலாளியின் மனைவியை வரச்சொன்னார். ஸ்டேஷனில் யாரோ வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை போலும். முகம் தெளிந்து வந்திருந்தாள்.

"பொருந்தலைன்னு சொன்னாங்களே சார். அப்புறம் எதுக்குக் கூப்பிட்டீங்க?"

"வேலைக்குச் சேரும்போது அவர் உயரத்த அளந்தாங்களாம்மா?"

"அட்டையில போட்டிருக்கே."

"போட்டிருக்கு. அளந்தாங்களா?"

அவள் மடியிலிருந்த பையின் வாரை விரலில் சுற்றினாள். "எழுவத்தஞ்சு இருந்தாத்தான் எடுப்பாங்கன்னாங்க. அவரே எழுதிக்கிட்டாரு. அளந்தா வேலையும் போச்சு மானமும் போச்சுன்னு ஒரு வாரம் தூங்கல மனுஷன்." சிரித்துவிட்டாள். பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது. "சார்... அட்டையில இருக்கறதையே வச்சுக்கக் கூடாதா?"

அவர் பேனாவை எடுத்தார். பொருந்தவில்லை என்றே எழுதிக் கொடுத்துவிடலாமா? என்றாவது கதவைத் தட்டக்கூடிய ஒரு கணவன் அவளுக்கு மிஞ்சுவான். ஆனால் மேசைமேல் கிடக்கிறவனைத் தேடி வேறு யார் வரப்போகிறார்கள்?

"உயரத்த மட்டும் வச்சு இவர்தான்னு சொல்லிட மாட்டோம்மா. இன்னும் சோதனை இருக்கு. ஆனா இல்லைன்னு எழுதிட்டா, அதோட யாரும் திரும்பிப் பாக்க மாட்டாங்க."

அவள் எழுந்து, செருப்பைக் கழற்றிவிட்டுச் சுவரோரம் நின்றாள்.

"கிளம்பறப்ப தலைய வாரவே மாட்டாரு. நான்தான் கையால படிய வச்சு விடுவேன். குனிங்கன்னா குனியவும் மாட்டாரு."

கண்ணை மூடிக்கொண்டாள். வலதுகை தானாக உயர்ந்தது. தன் உச்சந்தலைக்குக் கொஞ்சம் மேலே, எதிரில், ஓரிடத்தில் தயங்காமல் போய் நின்றது. அவர் டேப்பை எடுத்துத் தரையில் மண்டியிட்டு மேலே இழுத்தார். நூற்று அறுபத்தாறு. இன்னொரு தடவை பார்த்தார்.

"போதும்மா, கைய இறக்குங்க."

அவள் இறக்கவில்லை. வெறும் காற்றில் விரல்கள் மெல்ல, ஒரு பக்கமாக, முடியைப் படிய வைத்துக்கொண்டிருந்தன.